மடங்காத மணிக்கட்டு

வலக்கை மணிக்கட்டுக்கு இப்போது வலியும் தெரியாது, வளையவும் தெரியாது. மூட்டுவாதத்தில் தேய்ந்த குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, முன்கை எலும்பிலிருந்து நடுவிரலுக்குப் போகும் உள்ளங்கை எலும்புவரை உலோகத் தகடு வைத்து முடுக்கிவிட்டார்கள். எலும்புகள் ஒன்றாய் ஒட்டிக்கொள்ளச் சில மாதம். கையை லேசாகப் பின்சாய்த்து இறுக்கியதால் தேக்கா சந்தையில் காய்கறிப் பையை நன்றாகவே பிடிக்கிறேன்.

என் கவலையெல்லாம் சாப்பாடுதான்! உள்ளங்கையைத் திருப்புவது வேறு மூட்டுகளாம், அவற்றைத் தொடவில்லை. நேற்று சிராங்கூன் சாலைக் கடையில் வாழையிலை போட்டு ரசஞ்சோறு பிசைந்தேன். முழங்கையைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

எழும்போது மட்டும் உள்ளங்கையை மேசையில் ஊன்ற முடியவில்லை. முஷ்டியை ஊன்றினேன்.

எதிரே இருந்த அண்ணன் கேட்டார்: "யாரோட சண்டை?"