மாமாவின் இடது கை

சென்ற தை மாதம் மடுகரைக்குப் போயிருந்தேன். மாமா திண்ணையில் உட்கார்ந்து இடது கையை வெயிலில் நீட்டிக்கொண்டிருந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் நீளமாக ஒரு தழும்பு. முந்தின வருஷம் சென்னையில் அவருக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. மார்புக்குள் ஓடும் ஒரு ரத்தக் குழாயை இதயத்தின் பக்கம் திருப்பித் தைத்து, போதாததற்கு இந்தக் கையிலிருந்தும் ஒரு குழாயை எடுத்திருந்தார்கள்.

"மதகு தூந்து போச்சு, மாப்ளே. பக்கத்துலே புது வாய்க்கா வெட்டியிருக்காங்க" என்றார் மாமா. ஐம்பது வருஷம் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடாது. "கைதான் எந்நேரமும் சில்லுன்னு இருக்குது."

அத்தோடு பேச்சை விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. நான் கல்லூரிப் படிப்பை நடுவில் விட்டவன். ஆனால் ஒரு நாவலில் டாக்டர் பாத்திரம் வருகிறது என்பதற்காக வைத்தியப் புத்தகங்களைக் கொஞ்சம் மேய்ந்திருந்தேன். மாமா தினம் விழுங்கும் மெட்டோப்ரோலால், 'பீட்டா பிளாக்கர்' என்ற வகையைச் சேர்ந்தது. 1960-களில் ஜேம்ஸ் பிளாக் என்பவர் புரோப்ரனலாலைக் கொண்டுவந்து இந்த வகைக்கு வழி திறந்தார். 1988-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதையெல்லாம் சொன்னதோடு நிறுத்தினேனா? "இந்த வகை மாத்திரைகளில் சில ரத்தக் குழாயைச் சுருக்கிவிடுமாம், மாமா. கைக் குழாய் வேறு சுருங்குகிற ஜாதி. 1970-களின் தொடக்கத்தில் பாரீஸில் கார்ப்பாந்தியே என்ற டாக்டர் அதை எடுத்துத் தைத்துப் பார்த்துவிட்டு, சுருங்குகிறது என்று கைவிட்டார்" என்றேன். எங்கள் பக்கத்தில் பாரீஸ் என்றால் கடலூர் மாதிரி. யாராவது ஒரு சொந்தக்காரர் அங்கே இருப்பார். மாமா வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். பெருமையோடு ஊர் திரும்பினேன்.

நாலாம் நாள் அத்தை போன் செய்தாள். "தம்பி, மாமா அந்த மாத்திரைய நிறுத்திப்புட்டாரு. நெஞ்சு படபடங்குது. நீ என்னமோ சொன்னியாமே?"

கார் பிடித்துப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனோம். சின்ன வயது லேடி டாக்டர். நாடியைப் பார்த்து, ஈ.ஸி.ஜி. எடுத்து, மாத்திரையை உடனே கொடுக்கச் சொன்னாள். பிறகு, "யார் நிறுத்தச் சொன்னது?" என்றாள்.

"யாரும் சொல்லலே. நானாத்தான்" என்றார் மாமா, என் பக்கம் திரும்பாமலே.

அதைக் கேட்டுக்கொண்டு எப்படி நிற்பது? நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். டாக்டர் கோபிக்கவில்லை. ஒரு காகிதத்தில் படம் போட்டாள். அட்ரினலின் வந்து தொடுவதற்குக் குழாயின் சுவரில் இரண்டு வகைப் பூட்டுகள்: ஆல்பா சுருக்கும், பீட்டா தளர்த்தும். கைக் குழாயில் ஆல்பாதான் ஏராளம், பீட்டா சொற்பம். ஆபரேஷனில் மிஞ்சிய துண்டுகளைச் சோதனைச்சாலையில் வைத்துப் பார்த்தே இதைக் கண்டிருக்கிறார்கள். இல்லாத பூட்டை அடைத்து என்ன கெட்டுவிடப் போகிறது? மேலும், மெட்டோப்ரோலால் பெரும்பாலும் இதயத்துப் பூட்டைத்தான் தேடிப் போகுமாம். சுருக்கத்தைத் தடுக்க அம்லோடிபின் என்று வேறொரு மாத்திரையும் மாமாவின் சீட்டில் இருந்தது. நான் அந்தச் சீட்டைப் பார்க்கவே இல்லை. பாரீஸ் கதையிலும் பாதியைத்தான் சொல்லியிருந்தேன். அன்று தைத்த கைக் குழாய்களில் சில பல வருஷம் கழித்தும் திறந்தே இருப்பதைக் கண்டு, கார்ப்பாந்தியேயின் கூட்டத்தாரே 1992-இல் அந்த முறைக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள்.

"கை சில்லென்று இருப்பது மாத்திரையால் இருக்கலாம். அது கையின் சமாசாரம்; இதயத்தில் தைத்த குழாயின் சமாசாரம் அல்ல" என்றாள். "திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து. நாள்கணக்கில் அடைபட்ட இதயம் புதுப் பூட்டுகளை வளர்த்து வைத்திருக்கும். மாத்திரை நின்றதும் அட்ரினலின் அத்தனையிலும் புகுந்துவிடும். மாரடைப்பே வரலாம். நிறுத்த வேண்டுமானால் கொஞ்சம் கொஞ்சமாக, நாங்கள் சொல்லித்தான்."

திரும்பும்போது வில்லியனூர் தாண்டும்வரை காரில் யாரும் பேசவில்லை. பிறகு மாமா சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதுலே என்ன எழுதியிருக்குது, படி."

பெயரையும் அளவையும் தேதியையும் படித்தேன்.

"அவ்வளவுதானா? வேறே ஒண்ணும் இல்லியே?"

"இல்லை மாமா" என்றேன்.