கடையாணி

அச்சாணியைப் பற்றிய குறளை (வினைத்திட்பம், 667) வகுப்பில் எத்தனை முறை நடத்தியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. உருவில் சிறியது, பயனில் பெரியது என்று இரண்டு வாக்கியங்களில் முடித்துவிட்டு அடுத்த குறளுக்குப் போவதே நம் வழக்கம். அந்த அவசரத்திற்கான பாடம் திருமயம் சாலையில் காத்திருந்தது.

அண்ணன் மகன் பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. ஒன்றை வாங்கியிருந்தான். 2022இல் இந்தியாவில் விற்பனை நின்றுபோன வண்டி. பந்தயக் கார் அல்ல என்றாலும் வேகப் பிரியர்கள் இன்றும் தேடி வாங்குவது. வாங்கிய வாரமே வெளிக்கடையில் அலாய் சக்கரங்களை மாட்டிக்கொண்டான். அண்ணியை மருத்துவரிடம் காட்டக் காரைக்குடியிலிருந்து திருச்சிக்குப் புறப்பட்டபோது நாமும் உடனிருந்தோம்.

"சித்தப்பா, ஏதோ சத்தம் கேக்குதே?"

"ரோடு சரியில்லைப்பா, நீ போ" என்றோம். படித்தவர்களின் உறுதி அத்தகையது.

திருமயம் கோட்டை கண்ணில் படும் நேரம் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் முன்சக்கரத்தின் ஐந்து போல்ட்டுகளில் ஒன்றைக் காணோம். இரண்டு, விரலால் திருகவே கழன்று வந்தன. பின்னிருக்கையில் அண்ணி உறங்கிக்கொண்டிருந்தார்.

அவரை வாடகைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஊரிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தோம். பெரியவர் போல்ட் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "போல்ட்டுல குறையில்ல சார். உக்கார்ற எடம்தான் வேற" என்றார்.

நம் ஊரில் மிகுதியாக ஓடும் கார்களில் ஹப்பிலேயே திருகுத்தண்டு இருக்கும். அதன்மேல் நட் இறுக்குவார்கள். போலோ போன்ற ஐரோப்பிய வண்டிகளில் போல்ட்டே நேராக ஹப்புக்குள் ஏறும். கம்பெனி போல்ட்டின் தலைக்கு அடிப்பகுதி பந்துபோல் வளைந்தது. வெளிக்கடைச் சக்கரங்களின் துளையோ பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. கூம்பில் பந்து முழுதாக உட்காராது. மெல்லிய வளையம் ஒன்றில் மட்டும் தொடும். அந்த வளையம் நசுங்க நசுங்க, இறுக்கம் தளரும். கடைக்காரர் பழைய போல்ட்டையே பூட்டி அனுப்பியிருந்தார்.

ஆகவே கூம்புத் தலை. 14 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் புரியிடைவெளி. கையால் திருகும்போது குறைந்தது ஏழெட்டுச் சுற்றாவது ஏறும் நீளம். மிகுதியாக நீண்டால் ஹப்பின் பின்னால் எதிலாவது உரசும். இப்படிப் பார்த்துத்தான் புதிய போல்ட்டுகளை வாங்கினோம்.

இறுக்குவதிலும் இலக்கணம் உண்டு. ஹப்பின் முகத்திலுள்ள துருவைச் சுரண்ட வேண்டும். புரியில் எண்ணெய் இடக்கூடாது. உராய்வு குறைந்தால் அதே விசை போல்ட்டை அளவுக்கு மீறி இழுத்துவிடும். கையால் திருகி, நட்சத்திர வரிசையில் மாற்றி மாற்றி இறுக்கி, சக்கரம் தரையில் ஊன்றியபின் டார்க் ரெஞ்ச்சால் முடிக்க வேண்டும். போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஏறத்தாழ 12 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். இறுக்கும்போது போல்ட் சுருள்வில்போல் இம்மியளவு நீள்கிறது. அந்த இழுவிசையே சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது; வண்டியின் பாரத்தைத் தாங்குவது இவ்விரண்டு முகங்களுக்கும் இடையிலுள்ள உராய்வுதான். குறைந்தால் கழலும், மிகுந்தால் போல்ட்டோ புரியோ கெடும்.

பெரிய பந்தயங்களிலும் இதே கதைதான். 1987 ஹங்கேரி ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முன்னணியில் இருந்த நைஜல் மான்செல், முடிய ஆறு சுற்றுகளே இருக்கையில் சக்கர நட் கழன்று வெற்றியை இழந்தார். 2021 மொனாக்கோவில் வால்டேரி போட்டாஸின் நட், கழற்றும்போது சிதைந்து வர மறுத்தது. தொழிற்சாலைக்குக் கொண்டுபோன பிறகே சக்கரம் கழன்றது.

அச்சாணி என்பதற்கு உரைகாரர் கடையாணி என்று பொருள் சொல்வார். அந்த ஆணி தன் துளைக்குப் பொருந்தியதா, யார் எந்த அளவில் அடித்தார் என்று இருபது ஆண்டுகளில் ஒரு மாணவனும் கேட்டதில்லை, நாமும் யோசித்ததில்லை. இனி அதையும் சேர்த்தே நடத்துவோம்.

புதிய போல்ட்டுகளோடு நூறு கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் சரிபார்க்கச் சொல்லியிருந்தார் பெரியவர். அண்ணன் மகன் ரெஞ்ச்சைப் பிடிக்க, நாம் டார்ச் காட்டினோம். திண்ணையிலிருந்து பார்த்த அண்ணி, "அன்னைக்குப் பஞ்சரான சக்கரந்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றோம்.