மௌனம் தந்த எழுதுகோல்

பேசியே பிழைப்பவனுக்குப் பேச்சு நின்றுபோனால் என்ன மிஞ்சும்? இந்தக் கேள்வியோடு மூன்று மாதங்கள் வீட்டில் அமர்ந்திருந்தவன் நான்.

தர்மபுரி மாவட்டத்து மதரஸா ஒன்றில் இருபது ஆண்டுகளாக ஓதிக் கொடுத்து வருகிறேன். உரத்து ஓதி ஓதிக் குரல்நாணில் முடிச்சு விழுந்துவிட்டது. பேசாதிருந்தால்தான் குரல் மீளும் என்றார் மருத்துவர். விடுப்பில் சம்பளம் பாதியாயிற்று. அதைக் காட்டிலும், எவருக்கும் பயனற்றவனாகிவிட்டேனோ என்ற எண்ணமே என்னை வாட்டியது.

பி.ஏ. படித்த நாளில், 1927இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'முஸல்மான்' உருது நாளேட்டைப் பார்த்தேன். காத்திபுகள் கையால் எழுதி அச்சேறிய ஏடு அது. அன்று எழுத்தணிக் கலையின்மீது பிறந்த ஆசை, குடும்பப் பொறுப்பு வந்ததும் பரணேறிவிட்டது. விடுப்பில் பென்னாகரத்து உறவினர் வீட்டுக்குச் சென்றபோது, ஒகேனக்கல் காவிரிக் கரையில் நாணல் தட்டை ஒன்றை ஒடித்து வந்தேன். நிழலில் உலர்த்தி, நுனியைச் சாய்வாகச் சீவி, நடுவே கீறினேன். விளக்குக் கரியைக் கருவேலம் பிசினில் குழைத்து மை செய்து தந்தாள் என் மனைவி.

இக்கலைக்கு அளவுகோல், அந்த எழுதுகோலை அழுத்தி இழுக்கையில் விழும் சாய்சதுரப் புள்ளியே. அலிஃப் இத்தனை புள்ளி உயரம், பே இத்தனை புள்ளி நீளம் என்று அதனாலேயே அளப்பர். இம்முறையை வகுத்தவராகப் போற்றப்படும் இப்னு முக்லா, பக்தாதில் அப்பாஸியக் கலீபாக்களிடம் மூன்று முறை வஸீராக இருந்தவர். பதவி பறிபோயிற்று; வலக்கையும் துண்டிக்கப்பட்டது. எஞ்சிய கையில் எழுதுகோலைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்பர் வரலாற்றாசிரியர். 940இல் சிறையிலேயே மறைந்தார். அவருடைய துன்பத்தின் முன் என்னுடையது எம்மாத்திரம்!

நாள்தோறும் சுபுஹுத் தொழுகைக்குப் பின் அலிஃப் மட்டுமே எழுதினேன். நாற்பத்தைந்து வயதுக் கை, முதல் வகுப்புப் பிள்ளையின் கைபோல நடுங்கிற்று. அப்போதுதான் ஒரு மாணவன் நினைவுக்கு வந்தான். நோட்டின் ஓரமெல்லாம் எழுத்துகளைக் கொடிபோலப் படரவிட்டு வரைவான். "பாடத்தைக் கவனியாமல் கிறுக்குகிறாயா?" என்று எல்லார் முன்னிலையிலும் அந்தத் தாளைக் கிழித்தெறிந்தவன் நான். அதன்பின் அவன் வரையவேயில்லை. எனக்குள் முடங்கிக் கிடந்ததை அவனிடமும் முடக்கிவிட்டேன்.

அல்லாஹ்வின் அருளால் குரல் மீண்டது. பணிக்குத் திரும்பிய அன்று, நான் சீவிய எழுதுகோல் ஒன்றை அவனிடம் கொடுத்து, "நான் செய்தது தவறு தம்பி, மன்னித்துவிடு" என்றேன். அவன் தலை நிமிரவில்லை. சற்றுப் பொறுத்து, "இதில் மையை எவ்வளவு தொட வேண்டும் ஹஜ்ரத்?" என்று கேட்டான்.

இப்போது வியாழன்தோறும் பாடம் முடிந்தபின் ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் எழுதுகிறோம். அவனுடைய அலிஃப் என்னுடையதைவிட நேராக நிற்கிறது.

வாசகர்களே! நோயோ, மகப்பேறோ, வேலையிழப்போ உங்களையும் ஒருநாள் வீட்டில் அமர்த்தலாம். அன்று பரணில் கிடக்கும் பழைய ஆசையை இறக்கித் தூசு தட்டிப் பாருங்கள். அதற்கு முன், உங்கள் வீட்டுப் பிள்ளையின் நோட்டு ஓரத்தையும் ஒருமுறை பாருங்கள்.