எட்டியாந்தோட்டை மலையில் ஒரு சுழலி

அவிசாவளையைக் கடந்து எட்டியாந்தோட்டைப் பக்கம் ஏறத் தொடங்கினால், இறப்பர் மரங்களின் நிழல் மெல்ல விலகித் தேயிலைப் பசுமை கண்ணுக்குத் தெரிகின்றது. மழைக்குப் பஞ்சமில்லாத பூமி. பாறைக்குப் பாறை தாவி விழும் இவ்வோடைகளைக் கண்ட அந்நாளைய துரைமாருக்கு முதலில் நினைவு வந்தது இரும்புக் குழாய்தான். மேட்டிலே தேக்கிய நீரைக் குழாய்வழி இறக்கி, தொழிற்சாலையருகே சக்கரத்தின்மீது பாய்ச்சினர். மலைநாட்டுத் தோட்டங்களில் இத்தகைய சுழலிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன.

ஒரு தோட்டத்தில் பழைய பெல்ற்றன் சக்கரமொன்றைக் காட்டினார்கள். அதன் கிண்ணங்களைவிட, நீர்த்தாரையின் முன் நின்ற சிறு தகடே என்னைக் கவர்ந்தது. சுமை திடீரெனக் குறைந்தால் சக்கரம் வெறிகொண்டு சுழலும். வால்வைச் சடுதியில் மூடினாலோ குழாயே வெடித்துவிடலாம். ஆகவே தகடு குறுக்கே வந்து தாரையை விலக்கிவிடும். நீர் பாய்ந்துகொண்டேயிருக்கும், சக்கரம் அடங்கும்.

இதே உபாயத்தை 1968ஆம் ஆண்டில் அமெரிக்கர் ஒரு பந்தயக் காரிலே கையாண்டனர் என்றால் வாசகர் வியப்பர். ஹௌமெற் ரீ.எக்ஸ். என்பது அதன் பெயர். உலங்குவானூர்திக்கென உருவான கொன்ரினென்ரல் வாயுச் சுழலி அதனைச் செலுத்தியது. கியர் மாற்றும் வேலையே கிடையாது. பின்னோக்கிச் செல்வதற்கு ஒரு சிறு மின் மோட்டார். சாரதி காலை எடுத்தாலும் சுழலி உடனே அடங்காதாகையால், சூடான வாயுவைச் சக்கரத்துக்குப் புறம்பே போக்கும் கதவொன்றை அமைத்தனர். டேற்றோனா 24 மணிநேரப் பந்தயத்தில் அக்கதவே ஒத்துழைக்க மறுத்தது. கார் சுவரில் மோதிற்று. பின்னர் ஹன்ற்ஸ்வில்லில் வென்றது. சுழலி பூட்டிய கார் பந்தயத்தில் ஈட்டிய முதல் வெற்றி அதுவென்பர். ல மான்ஸ் சென்ற இரண்டு கார்களும் தோற்றன. அவ்வாண்டுடன் பந்தய வாழ்வும் முடிந்தது.

அது குடித்தது மண்ணெண்ணெய் இனத்து எரிபொருள். இங்கேயோ, ஓடை நீர் தொழிற்சாலைக்கு மின்சாரம் தந்த காலத்திலும், கூப்பிடு தூரத்து லயன்கள் பல மண்ணெண்ணெய் விளக்கையே நம்பியிருந்தன. கொழுந்தை வாட்டும் விசிறிக்குக் கிடைத்தது, கொழுந்து பறித்தவளின் பிள்ளை படிப்பதற்குக் கிடைக்கவில்லை. இதனைப் பொறியியலின் குறை என்று கூற எனக்கு மனம் வரவில்லை.

நாட்டின் பொது மின்சாரம் வந்தபின் தோட்டச் சுழலிகள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. 1990களின் பிற்பகுதியிலிருந்து ஓடைகள் மீண்டும் வேலைக்கு அழைக்கப்பட்டுள்ளன. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளில் சிறு நீர்மின் நிலையங்கள் எழுந்துள்ளன. நீர் குழாய்க்குள் போய்விட, இடையிலுள்ள ஆற்றுப்படுகை கோடையில் கல்லாய்க் கிடக்கும் இடங்களும் உண்டு. அத்தகைய ஓரிடத்தில், குழாய் கசிந்த மூட்டின் கீழே மூன்று பெண்கள் குடங்களை வரிசையாக வைத்துக் காத்திருந்தனர்.