நிறுவைக் கொட்டகைத் தரை

கேமரன் மலையில் கோஸ் கிடைக்கும், ரோஜா கிடைக்கும், ஸ்ட்ராபெர்ரி கிடைக்கும். சமதரை மட்டும் லேசில் கிடைக்காது. 1885-இல் வில்லியம் கேமரன் நில அளவைக்காக ஏறி வந்த மலை அது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது ஆள்பலத்துக்குத் துணையாக இருந்தவை கோவேறு கழுதைகளும் ஒரேயொரு நீராவி உருளையும்தான் என்று சொல்வார்கள். அந்த உருளை எந்தச் சாலையைச் சமப்படுத்தியதோ, எங்கள் லயத்து வாசல் பக்கம் வந்ததற்கு அடையாளமே இல்லை. சரிவை வெட்டித் தட்டாக்கி, அதில் வரிசையாக வீடுகள். வாசலில் கோலிக்குண்டை வைத்தால் அது நேராகக் கால்வாய்க்குள் போய் விழும்.

மோட்டார் சைக்கிளை வீட்டில் வைத்துப் பழுது பார்க்கிறவனுக்கு ஸ்பானாவுக்கு முன்னால் தேவைப்படுவது தரை. ஹாபுவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் டிவிஷனில் தரை என்று சொல்லத் தகுந்தது கொழுந்து நிறுக்கும் கொட்டகை ஒன்றுதான். நாலு தூண், தகரக் கூரை, வழவழவென்று தேய்ந்த சிமெண்டு. குறுக்கே ஓர் இரும்புச் சட்டம், அதில் கொக்கி, கொக்கியில் தராசு. ஆறு நாளும் அங்கே அம்மாவும் அத்தைகளும் கூடையை இறக்கி வைத்து, கிராணியின் பென்சில் எந்த எண்ணை எழுதுகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தராசைக் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். கொக்கி அப்படியே தொங்கும். அன்றைக்கு அந்த இடம் ஆண்களுடையது, அவர்களுடைய மோட்டார்களுடையது.

மோட்டார் என்றால் பெரும்பாலும் ஹோண்டா கப்தான். ஜப்பானில் 1958-இல் வெளிவந்த வண்டி. பினாங்கின் லோ பூன் சியூ ஹோண்டாவை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். இளம் வயதில் பஸ் கழுவிப் பிழைத்தவர் அவர் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அதனாலேயே அந்த வண்டி மீது ஒரு பாசம். கூட்டுப் பணம் எடுத்து, மனைவியின் தோட்டை அடகு வைத்து, கப் செவன்டி வாங்கினார்கள். ஒரே வண்டியில் புருஷன், பெண்டாட்டி, முன்னால் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை என்று பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலுக்குப் போய் வருவார்கள். எங்கள் தலைமுறையில் பாதிப்பேருக்கு வலது கெண்டைக்காலின் உட்புறம் ஒரு தழும்பு உண்டு. இறங்கும்போது புகைக்குழாய் சுட்டது.

வண்டியை அடிக்கடி தூக்கவேண்டி வந்ததற்குக் காரணம் மலைதான். தாப்பாவுக்கு இறங்கினால் வளைவுக்கு மேல் வளைவு. பிரேக்கை விட்டுவிட்டு ஓட்ட முடியாது. அந்தக் காலத்து கப்பில் இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக். கட்டை தேயும், செம்மண் சேறு உள்ளே புகுந்து இன்னும் தேய்க்கும். கட்டை மாற்ற வேண்டுமென்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். தானா ராத்தாவில் சீனர் பட்டறை இருந்தது. ஆனால் கழற்றி மாட்டுகிற கூலியில் ஒரு வாரத்துக் கறி வாங்கலாம் என்பது எங்கள் வீட்டுப் பெண்களின் கணக்கு.

இந்த வேலைக்கெல்லாம் தலைவர் ஃபிட்டர் மாமா. எனக்கு உறவுமுறையில் மாமா இல்லை; லயத்தில் எல்லோருக்கும் அவர் மாமா. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டுகிற ரோலர்களைக் கழற்றி மாட்டுவது அவர் வேலை. பாரத்தைத் தூக்குவதில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது, பயம் என்றே சொல்லலாம். “தூக்குறது வேற, நிறுத்தி வைக்கிறது வேறடா. தூக்கிட்டோம்னு கைய உள்ள விடுறவன்தான் விரல எண்ணிப் பார்ப்பான்” என்பார்.

டபுள் ஸ்டாண்டு போடுவதையே அவர் ஒரு பாடமாக நடத்துவார். வண்டிக்கு இடது பக்கம் நில். இடது கை ஹேண்டில் பிடியில், வலது கை சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியில். ஹேண்டிலை நேராக வை. வலது காலால் ஸ்டாண்டை மெதுவாக அழுத்தி, அதன் இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுகிறதா என்று பார். ஒரு பாதம் மட்டும் தொட்டால் வண்டி சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், நிமிர்த்து. இரண்டும் தொட்டபின் உடம்பின் முழு எடையையும் அந்தக் காலில் இறக்கு. கை வழிகாட்டினால் போதும். வண்டி தானே பின்னுக்கு உருண்டு ஏறி உட்காரும். முதுகை வளைத்துக் கையால் தூக்குகிறவனைக் கண்டால் மாமாவுக்குக் கோபம் வந்துவிடும்: “நாளைக்கு மருந்து மூட்டை யாரு தூக்குறது, உங்கப்பனா?”

அவருடைய பாடத்தில் எனக்கு இன்றும் பிடித்தது பிரேக் கட்டுகிற விஷயம். டபுள் ஸ்டாண்டில் பின்சக்கரம் அந்தரத்தில் நிற்கும், முன்சக்கரம் தரையில் இருக்கும். கியரில் போட்டுவிட்டேன், நகராது என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். அந்தரத்தில் சுற்றுகிற சக்கரத்தைக் கியர் பிடித்து என்ன பயன்? வண்டி முன்னுக்கு ஓர் அடி உருண்டால் ஸ்டாண்டு மடங்கிவிடும். ஆகவே சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, முன் பிரேக் பிடியை ஹேண்டிலோடு இறுக்கிக் கட்டுவார். கொட்டகை கிடைக்காத நாளில் லயத்து வாசலிலேயே செய்ய நேர்ந்தால் வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்து நிறுத்தவே கூடாது. மண் ஈரமாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் பலகை.

பின்சக்கரம் கழற்றுவது கப்பில் சுலபம். பல்சக்கரமும் சங்கிலியும் இருந்த இடத்திலேயே இருக்க, சக்கரம் மட்டும் தனியாக வெளியே வரும்படி அமைத்திருக்கிறார்கள். ஜப்பான்காரனை மாமா மனதாரப் புகழ்கிற இடம் அது. ஆனால் இறுகிப்போன அச்சு நட்டை, வண்டி தரையில் இரண்டு சக்கரத்தில் நிற்கும்போதே ஒருவர் பிடித்துக்கொள்ள ஒரு சுற்று இளக்கிவிட வேண்டும். ஸ்டாண்டில் ஏற்றியபின் நீளக் குழாயை மாட்டி உந்தினால் வண்டியும் சேர்ந்து வரும்.

முன்சக்கரத்துக்குத்தான் கொக்கி. எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுப்பார்கள், மேலே பழைய டயர்த் துண்டு. எண்ணெய் இறக்குகிற 17-ஆம் நம்பர் நட்டின் மேல் கட்டை படக் கூடாது, புகைக்குழாயின் மேலும் படக் கூடாது. கேரியரில் ஈரமணல் நிரப்பிய சாக்கு. இவ்வளவும் செய்தபிறகு, தராசுக் கொக்கியிலிருந்து ஒரு கயிறு இறங்கி வண்டியின் கழுத்தில் கட்டப்படும். தூக்குவதற்கல்ல அந்தக் கயிறு; லேசாக விறைத்திருந்தால் போதும். கட்டை வழுக்கினால் வண்டி கயிற்றில் நிற்கும், மனிதன் மேல் விழாது. பகலெல்லாம் எங்கள் அம்மாக்களின் உழைப்பு தொங்கிய கொக்கி, ஞாயிற்றுக்கிழமை அப்பாக்களின் விரல்களைக் காப்பாற்றியது. இப்படிக் கயிறு கட்டுவதைப் பட்டறைகளில்கூட நான் கண்டதில்லை.

ஒரே தகராறு மண்ணெண்ணெய்தான். சங்கிலி கழுவ மண்ணெண்ணெய் வேண்டும். தேயிலைக் கொழுந்தோ பக்கத்தில் எது நாறினாலும் இழுத்துக்கொள்ளும். திங்கட்கிழமை காலை தரையில் வாசனை இருந்தால் கங்காணி பிடிபிடியென்று பிடிப்பார். அதனால் சாக்கு விரித்து, அதன்மேல் தமிழ் நேசன் தாள்களை அடுக்கி, அதன்மேல்தான் வேலை. ஞாயிறு பதிப்பில் கதை வந்த பக்கத்தை என் அக்கா முதலிலேயே உருவிக்கொண்டு போய்விடுவாள். வேலை முடிந்ததும் ஆளுக்கொரு வாளி தண்ணீர், சவுக்காரம், தென்னந்துடைப்பம். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் பத்திரிகை 2019-இல் நின்றுபோனது. செய்தியைக் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது அதன் தலையங்கம் அல்ல. கறுத்த எண்ணெய் ஊறிய தாளில் பாதி தெரிந்த ஏதோ ஒரு சினிமா விளம்பரம்.

பிள்ளைகள் தூணுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். மாமா கரித்துண்டால் கோடு போட்டிருப்பார். “விழுற மோட்டார யாரும் பிடிக்க வரக்கூடாது. விழட்டும். தகடு நெளிஞ்சா தட்டிக்கலாம்” என்பது எல்லோருக்கும் பொதுவான சட்டம். எங்களுக்கு அனுமதிக்கப்பட்ட வேலை, கழற்றிய நட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே பால் டின் மூடியில் அடுக்குவது.

லயத்தில் ஒவ்வொரு குடும்பமாக இறங்கிப்போனது. படித்த பிள்ளைகள் ஈப்போ, கிள்ளான், சுபாங் என்று போக, பின்னால் பெற்றோரும் போனார்கள். கொழுந்து பறிக்க இன்று வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கூடையும் விரலும் பார்த்த வேலையைப் பெரும்பாலும் கத்தரியும் இயந்திரமும் செய்கின்றன. எங்கள் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது லோரி திரும்புகிறது. சிமெண்டு உடைந்து மண் தெரிகிறது. ஃபிட்டர் மாமா இல்லை. வேலையை விட்டு ஈப்போவில் மகன் வீட்டுக்குப் போனவர் அடுக்குமாடியின் நாலாவது மாடியில் மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடினார் என்று அவர் மகள் சொன்னாள்.

கப் மட்டும் போகவில்லை. 2017-இல் அது உலகமெங்கும் 10 கோடி வண்டி என்ற எண்ணைத் தாண்டியது. அந்த வம்சத்தில் வந்த இஎக்ஸ்5 மலேசியாவில் மீன் விற்கிறவரிடமும் பேப்பர் போடுகிறவரிடமும் இன்னும் ஓடுகிறது. பூச்சோங்கில் என் தங்கை மகன் ஒன்று வைத்திருக்கிறான். அவன் கார் ஜாக்கை எஞ்சினுக்கு அடியில் கொடுத்து, தனியாக, யாரும் இல்லாத வாகன நிறுத்தத்தில் முன்சக்கரத்தைக் கழற்றுகிறான். போனில் பார்த்துக் கற்றுக்கொண்டானாம். கெட்டிக்காரன்தான், ஆனால் கார் ஜாக் குறுகிய தலையால் முட்டுக்கொடுக்கிறது, பக்கவாட்டில் தள்ளினால் எதிர்ப்பே காட்டாது. ஏற்றுவதற்கு அது போதும். ஏற்றிய பிறகு பாரம் கட்டை மேலோ ஸ்டாண்டு மேலோதான் உட்கார வேண்டும். பந்தய வண்டிகளுக்கு விற்கிற பின்சக்கர ஸ்டாண்டு நல்ல பொருள். ஆனால் பெரும்பாலும் அதற்கு ஏற்ற குமிழ்கள் பொருத்திய வண்டியாக இருக்க வேண்டும், கப்பில் அவை கிடையாது.

வீட்டில் பழைய கப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சக்கரத்தில் கை வைப்பதற்கு முன்னால் டபுள் ஸ்டாண்டின் ஸ்பிரிங்கையும் அது மாட்டியிருக்கிற ஊசியையும் குனிந்து பாருங்கள்; வருடக்கணக்கில் சேறு தின்று பாதியாகியிருக்கும். சில வெள்ளிதான் விலை. முன் பிரேக்கைக் கட்டுங்கள், கட்டை கொடுங்கள், மேலே உத்தரம் இருந்தால் ஒரு கயிறும் போடுங்கள். தனியாகச் செய்யாதீர்கள்; பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.