ஆறாம் அதிகாரம், முதல் நான்கு வசனங்கள்

16 அக்டோபர் 2022, ஞாயிறு. எருசலேம்

அடுத்த மாதம் ஊருக்குத் திரும்பியதும் கல்லூரியில் எடுக்கப்போகும் பாடம் ஆதியாகமம் 6:1-4. வேறு எதையாவது எடுக்கலாமே என்று சக ஆசிரியர்கள் சொல்லிப் பார்த்தார்கள். பழைய ஏற்பாடு நடத்துகிறவர்கள் ஐந்தாம் அதிகாரத்து வம்ச வரலாற்றை முடித்த கையோடு நோவாவின் பேழைக்குத் தாவிவிடுவது வழக்கம். நானும் அப்படித் தாவியிருக்கிறேன்.

வசனங்கள் நான்குதான். மனிதர் பெருகுகிறார்கள், அவர்களுக்குப் பெண்கள் பிறக்கிறார்கள். ‘தேவகுமாரர்’ அந்தப் பெண்களைப் பார்த்து, பிடித்தவர்களையெல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள். மனிதன் மாம்சம்தான், அவனுக்கு 120 வருஷம் என்று கடவுள் வரம்பு கட்டுகிறார். அந்நாட்களில் நெஃபிலிம் பூமியில் இருந்தார்கள், பிற்பாடும் இருந்தார்கள். பூர்வகாலத்து வீரர்கள் இவர்கள், பேர்பெற்றவர்கள். அத்தோடு சரி. அடுத்த வசனத்தில் பூமியெங்கும் பொல்லாப்பு, பின்னாலேயே வெள்ளம்.

தேவகுமாரர் யார்? நெஃபிலிம் அவர்களுக்குப் பிறந்தவர்களா, அந்தக் காலத்தில் சும்மா கூட இருந்தவர்களா? 120 என்பது ஆயுளா, வெள்ளம் வரும்வரை கொடுத்த தவணையா? எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: எடுத்துக்கொண்டது தேவகுமாரர்; வரம்பு விழுந்தது மனிதனுக்கு. இது என்ன நியாயம்?

17 அக்டோபர், திங்கள்

சிம்காத் தோரா. தோராச் சுருளை இன்று உபாகமத்தின் கடைசியில் முடித்து, அதே மூச்சில் ஆதியாகமத்தின் முதல் வரியைத் தொடங்கிவிடுகிறார்கள். தெருவில் சுருளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆட்டம். இந்த வாரப் பகுதி ‘பெரேஷித்’, 1:1-இலிருந்து 6:8 வரை. என் நான்கு வசனங்கள் அதன் வால்பகுதியில் வருகின்றன. சனிக்கிழமை ஜெப ஆலயத்தில் வாசிப்பார்கள். கேட்கப் போக வேண்டும்.

நூலகம் பூட்டு. வேறு வேலை இல்லை.

18 அக்டோபர், செவ்வாய்

தேசிய நூலகத்தில் காலை முழுக்க.

‘தேவகுமாரர்’ யார் என்பதை எபிரெய வேதத்துக்குள்ளேயே தேடினால் விடை பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. யோபு 1:6-இலும் 2:1-இலும் அவர்கள் கர்த்தருடைய சந்நிதியில் வந்து நிற்கும் பரலோக சபை. யோபு 38:7-இல் பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது ஆர்ப்பரித்தவர்கள். சிரியக் கடற்கரையில் ராஸ் ஷம்ராவை 1929-இல் தோண்டத் தொடங்கிக் கண்டெடுத்த உகரித் களிமண் பலகைகளிலும் ஏல் என்ற தெய்வத்தைச் சுற்றி இப்படியொரு குமாரர் கூட்டம் உண்டு. ஆக, இந்த வசனத்தை எழுதியவர் மனதில் இருந்தவர்கள் மேலுலகத்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பின்னால் வந்தவர்களுக்கு இதுவே சங்கடம். உபாகமம் 32:8-ஐப் பாருங்கள். ஜாதிகளின் எல்லைகள் இஸ்ரவேல் புத்திரரின் தொகைக்குத் தக்கதாக வகுக்கப்பட்டன என்கிறது மரபான எபிரெயப் பாடமான மசோரெத். சவக்கடலோரக் கும்ரானின் நான்காம் குகையில் கிடைத்த துணுக்கிலோ அந்த இடத்தில் தேவபுத்திரர். யாரோ ஒரு எழுத்தர் கைவைத்திருக்கிறார். அப்படிப்பட்ட கைகளைத் தாண்டியும் ஆதியாகமம் ஆறில் தேவகுமாரர் தப்பியிருக்கிறார்கள் என்பது ஆச்சரியம்தான்.

சாயங்காலம் தம்பி வாட்ஸப்பில் கூப்பிட்டான். சபையில் வாலிபர் கூட்டம் நடத்துகிறவன். “அக்கா, பையன்கள் ஒரு படத்தை அனுப்பிட்டே இருக்காங்க. பாலைவனத்துல இராட்சத எலும்புக்கூடு, பக்கத்துல தோண்டுற ஆள் எறும்பு மாதிரி. நெஃபிலிமாம். உண்மையா?” 2002-இல் ஒரு படத்தொகுப்புப் போட்டிக்காகக் கணினியில் ஒட்டிச் செய்த படம்டா அது என்றேன். அடியில் இருப்பது நியூயார்க் மாநிலத்தில் மாஸ்டோடான் எலும்பைத் தோண்டியபோது எடுத்த புகைப்படம். “அப்போ நிஜ எலும்பு எங்க?” என்கிறான்.

அவனைக் குறை சொல்லக் கூடாது. அகஸ்டினே உத்திகா கடற்கரையில் ஒரு பிரமாண்டமான கடைவாய்ப் பல்லைப் பார்த்துவிட்டு, இது இராட்சதன் பல்லாக இருக்கும் என்று ‘கடவுளின் நகரம்’ பதினைந்தாம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். எந்த விலங்கினுடையதோ.

19 அக்டோபர், புதன்

எத்தியோப்பியத் தெருவில் உள்ள வட்டக் கோயிலுக்குப் போனேன். செருப்பை வாசலில் கழற்றச் சொன்னார்கள். நம் கிராமத்துச் சபைகளில் பழகிய கால், சிரமமில்லை. ஏனோக்கின் புத்தகத்தை வேதத்தின் பாகமாகவே வைத்துக் காத்தது எத்தியோப்பியத் திருச்சபை. யூதா நிருபம் அதை மேற்கோள் காட்டுகிறது. இருந்தும் மற்ற உலகம் அதன் முழுப் பிரதியைத் தொலைத்துவிட்டது. 1773-இல் ஜேம்ஸ் புரூஸ் அபிசீனியாவிலிருந்து கீஸ் மொழிப் பிரதிகளோடு ஐரோப்பா திரும்பியபின் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. கும்ரானில் அதன் அரமாயிக் துணுக்குகள் கிடைத்து, 1976-இல் ஆய்வாளர் மிலிக் அவற்றைப் பதிப்பித்தார்.

ஆதியாகமம் நான்கு வரியில் விட்டதை ஏனோக்கு அதிகாரம் அதிகாரமாக விரிக்கிறது. 200 ‘காவலர்’ எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். பழி தன் ஒருவன் தலையில் விழுந்துவிடுமோ என்று தலைவன் ஷெமிஹாஸா பயந்து எல்லாரையும் சத்தியம் செய்ய வைக்கிறான். அசாயேல் வாளும் கேடயமும் செய்யக் கற்றுக்கொடுக்கிறான், பெண்களுக்குக் காப்பும் கண்மையும். பிறந்த பிள்ளைகள் மனிதரின் உழைப்பையெல்லாம் தின்று தீர்த்து, கடைசியில் மனிதரையே தின்கிறார்கள்.

நியாயக் கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது: குற்றம் மேலிருந்து வந்தது, மனிதர் பாதிக்கப்பட்டவர். ஏன் இந்தப் பதில் அந்தக் காலத்தில் தேவைப்பட்டது? அலெக்சாந்தர் செத்தபின் அவர் தளபதிகள் இந்த நிலத்தில் மாறி மாறிப் போரிட்டார்கள். அவர்கள் வழிவந்த ராஜாக்கள் தங்களைத் தெய்வப் பிறவிகள் என்றும் சொல்லிக்கொண்டார்கள். தின்று தீர்க்கும் இராட்சதரில் அவர்களைப் பார்க்கலாம் என்று ஆய்வாளர் நிக்கல்ஸ்பர்க் 1977-இல் எழுதினார். ஒப்புக்கொள்ளத் தோன்றுகிறது. தெய்வத்துக்குப் பிறந்தவன் என்று மார்தட்டுகிற ராஜாவைப் பார்த்து, ஆமாம், ஆனால் எந்தத் தெய்வத்துக்கு என்று தெரியுமா என்று கேட்கிற குறும்பு அது.

20 அக்டோபர், வியாழன். பனியாஸ்

விடிகாலையில் ஒரு குழுவோடு பஸ் ஏறி வடக்கே வந்தோம். பான் தெய்வத்தின் குகை, பாறையில் வெட்டிய மாடங்கள், கீழே யோர்தானின் ஊற்றுகளில் ஒன்று. அதற்கெல்லாம் மேலே எர்மோன், 2814 மீட்டர். பனி இன்னும் விழவில்லை, மொட்டையாகக் கிடக்கிறது. உச்சிக்குப் போக வழியில்லை, அது எல்லைப் பிரச்சினை உள்ள இடம். அங்கே இடிந்த கோயிலொன்றில் 1869-இல் சார்ல்ஸ் வாரன் ஒரு கிரேக்கக் கல்வெட்டைக் கண்டெடுத்தார். சத்தியம் செய்கிறவர்களைப் பற்றியது அது. இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏனோக்குக் கதைக்கு அது சாட்சி என்று துள்ள வேண்டியதில்லை, கல்வெட்டு பல நூற்றாண்டு பிந்தியது. இந்த மலையையும் சத்தியத்தையும் சேர்த்து நினைக்கிற வழக்கம் நெடுநாள் இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

எத்தியோப்பியப் பிரதியின்படி இராட்சதர் உயரம் 3000 முழம். பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஏறக்குறைய எர்மோனில் பாதி! பெற்ற தாயின் கதி என்ன என்று யாருமே கேட்கவில்லை.

21 அக்டோபர், வெள்ளி

மதியத்துக்குமேல் கடைகள் சாத்திவிடுவார்கள். ரொட்டியும் பழமும் வாங்கிவந்து அறையில் அடைந்தேன்.

சேத் வியாக்கியானம். தேவகுமாரர் என்றால் சேத்தின் பக்தியுள்ள வம்சம், மனுஷகுமாரத்திகள் காயீனின் வம்சத்துப் பெண்கள். மூன்றாம் நூற்றாண்டில் யூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் தொட்டுவைத்ததை அகஸ்டின் நிலைநிறுத்தினார். நம் சபைகளில் இன்றும் பிரசங்கிப்பது இதைத்தான், கூடவே அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதிருங்கள் என்று வாலிபருக்குக் கல்யாண ஆலோசனையும் சேர்த்து. எனக்கு ஒப்பவில்லை. முதல் வசனத்தில் ‘மனுஷர்’ என்றால் எல்லா மனிதரும். இரண்டாம் வசனத்தில் அதே சொல் திடீரென்று காயீன் வீட்டாராக எப்படிச் சுருங்கும்? கலப்புக் கல்யாணத்தில் இராட்சதர் ஏன் பிறக்க வேண்டும்? இதற்கு அகஸ்டின் சொல்லும் பதில் ரசமானது. கோத்தர் ரோமைச் சூறையாடுவதற்குச் சில வருஷங்கள் முன்பு அங்கே ஒரு மாபெரும் உருவப் பெண் இருந்தாளாம், அவளுடைய அப்பாவும் அம்மாவும் சாதாரண உயரமாம். ஆகவே இராட்சதர் பிறக்கத் தேவதூதர் வேண்டியதில்லை என்கிறார். சாட்சி சொல்ல ரோம் நகரத்துப் பெண் ஒருத்தியைக் கூட்டிவந்தாவது தேவதூதரின் மானத்தைக் காப்பாற்றிவிட்டார்.

ரபிமார் வேறு வழி போனார்கள். ஆதியாகம ரப்பா என்ற பழைய விளக்க நூலில் ரபி சிமியோன் பார் யோகாய், இவர்கள் நியாயாதிபதிகளின் மகன்கள் என்கிறார். தேவனுடைய மகன்கள் என்று சொல்பவரைச் சபிக்கிறார். ஒன்கெலோஸ் தர்கூம் என்ற அரமாயிக் மொழிபெயர்ப்பிலும் ‘பெரியவர்களின் மகன்கள்’தான். இலக்கணப்படி பார்த்தால் யோபுவின் பரலோக சபைக்கு முன் இது நிற்காது. அப்படியே ஒதுக்கிவிட்டுப் போயிருப்பேன். அடுத்த பத்தி பிடித்து நிறுத்தியது. மணப்பெண்ணைப் புருஷனுக்காக அலங்கரித்து வைத்திருக்கும்போது, பெரியவன் ஒருவன் முதலில் உள்ளே நுழைந்து அவளை அனுபவிப்பான் என்று ரபி யூதான் விளக்குகிறார். உரையாசிரியர் ராஷியும் இதை எடுத்து எழுதுகிறார்.

‘எடுத்துக்கொண்டார்கள்’ என்ற சொல்லில் ஒரு பெண்ணின் பயத்தைக் கேட்டவர்கள் இந்த ரபிமார்தான். திருச்சபைப் பிதா தெர்த்துல்லியனுக்கு இதே வசனத்தில் தோன்றியது என்ன தெரியுமா? பெண்கள் முக்காடு போட வேண்டும் என்பது.

பார்த்தார்கள், நன்றாயிருந்தது, எடுத்தார்கள். ஏதேனில் ஏவாள் கனியைப் பறித்த வரியும் இதே மூன்று சொற்களில் போகிறது. அங்கே எடுத்தவள் பெண், இங்கே எடுக்கப்பட்டவள். எழுதியவர் தெரிந்தே வைத்த எதிரொலி இது என்று நினைக்கிறேன்.

இரவு, தூக்கம் வராமல்

மணப்பெண்ணை முதலில் அடைகிற பெரியவன். இவனை எனக்குத் தெரியுமே! உருக் நகரத்து ராஜா கில்காமேஷ். மூன்றில் இரண்டு பங்கு தெய்வம், ஒரு பங்கு மனிதன். பழைய பாபிலோனியப் பலகையில் அவன் செய்கிற அக்கிரமம் இதுதான்: கல்யாணப் பெண்ணிடம் முதலில் அவன், பிறகே புருஷன். ஊர் முறையிடுகிறது. தேவர்கள் எங்கிடுவைப் படைத்து அனுப்புகிறார்கள். அவன் மணவீட்டு வாசலில் குறுக்கே நிற்கிறான். பின்பு கில்காமேஷ் சாகாவரம் தேடி, வெள்ளத்தில் பிழைத்தவனிடமே போய்ச் சேர்ந்து, வெறுங்கையோடு திரும்புகிறான்.

தெய்வப் பிறப்பு, பெண்களை எடுத்தல், பேர்பெற்ற வீரன், ஆயுளுக்கு வரம்பு, வெள்ளம். நான்கு வசனங்களிலும் அவற்றை ஒட்டியும் வருபவை எல்லாமே இங்கே இருக்கின்றன. தேவதூதரா, அதிகாரிகளா என்று இரண்டாயிரம் வருஷமாக நடக்கும் வழக்கில் இரு தரப்பும் ஒரே ஆளைத்தான் இரு பக்கமிருந்து பிடித்திருக்கிறார்கள். தெய்வமகன் என்று சொல்லிக்கொண்டவர்கள் ராஜாக்களே!

22 அக்டோபர், சனி

ஜெப ஆலயத்தில் பெண்கள் பகுதியிலிருந்து கேட்டேன். வாசிப்பவர் ராகம் போட்டுக்கொண்டே என் நான்கு வசனங்களைத் தாண்டிப் போய்விட்டார், ஒரு நிமிஷம்கூட இருக்காது. பக்கத்தில் இருந்த மூதாட்டி அதற்குள் ஒரு கொட்டாவி விட்டார்.

23 அக்டோபர், ஞாயிறு

மறுபடி நூலகம், வெள்ளி இரவு நினைத்ததைச் சரிபார்க்க. கும்ரானில் கிடைத்த ‘இராட்சதர் புத்தகம்’ என்ற அரமாயிக் நூலின் துணுக்குகளில் இராட்சதர்களின் பெயர்கள் வருகின்றன. அவற்றில் ஒன்று கில்காமேஷ். எழுத்துக்கூட்டிப் படித்தேன், அவனேதான். அவன் வெட்டி வீழ்த்திய ஹும்பாபாவின் பெயரும் கொஞ்சம் உருமாறிக் கிடக்கிறது. இரண்டாம் ஆலயக் காலத்து யூதர் ஒருவரே இந்த முடிச்சைப் போட்டிருக்கிறார். ஆதியாகமத்தை எழுதியவருக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தது என்பதற்கு இது நிரூபணமாகாது. ஆனால் கி.மு. 14-ஆம் நூற்றாண்டை ஒட்டிய கில்காமேஷ் பலகைத் துண்டொன்று இந்த நாட்டிலேயே, மெகித்தோவில் கிடைத்திருக்கிறது. கதை இந்த மண்ணுக்கு வந்து போயிருக்கிறது.

120 வருஷத்தை இனி ஆயுளாகவே வாசிக்கப்போகிறேன். சிரியாவின் எமாரில் கிடைத்த ஒரு பலகையும் மனிதனுக்கு விதித்த ஆயுள் 120 என்கிறது. தெய்வத்துக்குப் பிறந்தவன் என்று நீ சொல்லிக்கொள், பேர் வாங்கிக்கொள், கண்ட பெண்ணையெல்லாம் எடுத்துக்கொள். நீயும் மாம்சம், உனக்கும் கெடு உண்டு. இப்படிப் பார்த்தால் முதல் நாள் கேட்ட நியாயக் கேள்வி பாதி தீர்கிறது. தீர்ப்பு அந்த ‘மகன்கள்’ பெற்ற வீரர்களையும் சேர்த்துத்தான் பிடிக்கிறது. மீதிப் பாதி, அதாவது அந்தப் பெண்களுக்கு என்ன பதில் என்பது, வசனத்தில் இல்லை. வகுப்பில் அதைக் கேள்வியாகவே வைப்பேன்.

தம்பி திரும்பவும் கூப்பிட்டான். எலும்பு இல்லாவிட்டால் போகிறது, உயரமாவது சொல் என்றான். ஆதியாகமம் ஆறில் உயரம் என்ற பேச்சே இல்லையடா என்றேன். நெஃபிலிம் என்ற பெயர் இன்னொரு இடத்தில்தான் வருகிறது, எண்ணாகமம் 13-இல். அவர்களுக்கு முன் நாங்கள் வெட்டுக்கிளிகள் மாதிரி இருந்தோம் என்று வேவுகாரர் சொல்கிறார்கள். நம் வேதாகமம் இரண்டு இடத்திலும் இராட்சதர் என்றே போட்டிருப்பதால் நமக்கு முதலிலிருந்தே அவர்கள் நெட்டையர். கானானுக்குப் போன வேவுகாரர் 12 பேர். இந்தக் கதை சொன்னது, அந்த நாட்டுக்குள் போக மனமில்லாத 10 பேர் மட்டும். “மத்த ரெண்டு பேரு?” என்றான். அவர்கள் உயரத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.