கிணற்றங்கரைப் பாடம்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையின் மேல் ஏறுவோரைச் சோளக்காடு வரவேற்கின்றது. பலாவும் வாழையும் மிளகும் குவியும் அவ்வூர்ச் சந்தைக்குச் சுற்றியுள்ள மலையூர்களிலிருந்து மக்கள் சுமையுடன் நடந்து வருவர். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இம்மலையில் அவ்வாறு நடக்க இயலாமல் வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்தோர் பலர். அவர்களை முடக்கியது, காலில் எழுந்த ஒரு கொப்புளம்.

தமிழில் சிலந்தி என்னும் சொல் எட்டுக்கால் பூச்சியை மட்டுமன்றி, உடலில் தோன்றும் புண்கட்டியையும் குறிக்கும். கட்டி உடைந்து, அதனின்று வெண்ணிற இழையொன்று வெளிப்படுமாயின், அதனை நரம்புச் சிலந்தி என்றனர். அவ்விழை நரம்பன்று, ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை வளரும் புழுவாகும்.

குடிநீரில் வாழும் சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணுயிரியின் உடலில் இப்புழுவின் இளவுயிரி தங்கியிருக்கும். அந்நீரைப் பருகுவோர் உடலுள் புகுந்து, ஏறத்தாழ ஓராண்டு ஓசையின்றி வளரும். பின்னர்ப் பெண்புழு பெரும்பாலும் கணுக்கால், பாதம் ஆகியவற்றின் தோலைத் துளைத்து வெளிவரும். அப்போது கொப்புளம் நெருப்பெனக் காந்தும். எரிச்சல் தாளாதவர் என் செய்வார்? குளிர்ந்த நீரில் காலை வைப்பார். எரிச்சல் தணியும், அந்நொடியே புழு ஆயிரக்கணக்கான இளவுயிரிகளை நீரில் உமிழும். ஒருவர் தேடிய ஆறுதல், அடுத்த ஆண்டு ஊரார் பலரின் துன்பமாயிற்று. ஒருமுறை நோயுற்றவருக்கு எதிர்ப்பாற்றலும் உண்டாவதில்லை. ஆதலின், ஆறிய காலிலேயே மீண்டும் கொப்புளம் எழுந்தது.

1913ஆம் ஆண்டளவில் கொல்லிமலையில் குடியேறிய ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் இணையர் இத்துயரைக் கண்டனர். புழுவை அவசரப்பட்டு இழுத்தால் அது அறுந்து, உள்ளே சீழ்வைக்கும். எனவே சிறு குச்சியில் அதனைச் சுற்றி, நாளுக்குச் சில விரற்கடை அளவே வெளியே எடுக்கவேண்டும். தந்தையார் அவ்வாறு பொறுமையுடன் மருத்துவம் செய்ததை, ஒன்பது வயதுவரை அம்மலையில் வளர்ந்த மகன் பால் பிராண்ட் பிற்காலத்தில் எழுதியுள்ளார். அவரே பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீரமைத்துப் புகழ்பெற்ற மருத்துவர்.

ஆயினும், குச்சியால் ஒரு புழுவை எடுக்கலாம். நோயை எடுக்க இயலாது. நோயின் வேர் காலில் இல்லை, கிணற்றில் இருந்தது. புண்ணுள்ள கால் நீரில் இறங்கலாகாது. குடிநீரைத் துணியால் வடிகட்டவேண்டும். கிணற்றுக்குச் சுவரெழுப்பி, வாளியால் நீர் இறைக்கவேண்டும். இவையே தீர்வு. கேட்பதற்கு எளியவை, கடைப்பிடிப்பதற்கு அரியவை. காந்தும் காலுடன் கிணற்றங்கரையில் நிற்பவர், தாம் காணாத அடுத்த ஆண்டையும் பிறர் கால்களையும் எண்ணித் தம் வலியைப் பொறுத்துக்கொள்ளவேண்டும் அன்றோ! 1929இல் ஜெஸ்ஸி மலையிலேயே காய்ச்சலால் மறைந்தார். எவலின் தம் முதுமையிலும் மலையூர்களில் தொண்டைத் தொடர்ந்து, 1974இல் மறைந்தார்.

1980களில் இந்திய அரசு இந்நோயை ஒழிக்க நாடு தழுவிய திட்டத்தை மேற்கொண்டது. படிக்கிணறுகள் மாற்றப்பட்டன, ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன, வடிதுணிகள் வீடுதோறும் வழங்கப்பட்டன. 1996இல் இராசத்தானில் இறுதி நோயாளர் கண்டறியப்பட்டார். 2000ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்டதெனச் சான்றளித்தது. 1986இல் உலகில் ஏறத்தாழ 35 இலட்சம் பேரை வருத்திய நோய், 2023இல் 14 பேரிடம் மட்டுமே காணப்பட்டது.

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. குணமாக்கும் மருந்தும் இல்லை. நீரில் இறங்காது நின்ற கால்களும், குடத்தின் வாயில் கட்டிய துணியுமே இதனை வென்றன. இன்று சோளக்காட்டுச் சந்தைக்குச் சுமையுடன் வரும் கால்களில் அக்கொப்புளத்தின் சுவடில்லை. அதன் பெயரையும் இளையோர் அறியார். அந்த மறதியே அவ்வெற்றிக்குச் சான்று.